தாத்தா வாங்கித் தந்ததை நான் கொடுக்கவில்லை

புதுச்சேரி தவளக்குப்பத்தில் கடலூர் சாலையை ஒட்டி ஒரு ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். அங்கே வேலை பார்க்கும் பெண்களைப் பல வருடங்களாக நான் உட்கார விட்டதில்லை. காலை ஒன்பதரைக்கு வந்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் அனுப்புவேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைத்ததற்குத் தனியாகக் கூலி கொடுத்ததும் இல்லை. என்னை யாரும் கட்டாயப்படுத்தி இதை எழுதச் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் இனி ஒரு ஜூலை 30 கூட்டத்தில் வாய் திறக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

ஜூலை 30 என்ன நாள் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1936இல் அந்த நாளில், புதுச்சேரியின் சவானா மில்லில் போராடிய தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்துப்போனார்கள். எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை இவைதான் அந்தப் போராட்டத்தின் உயிர்நாடி. அவர்களைத் திரட்டிய வ. சுப்பையாவுக்கு அப்போது வயது 25. அதற்கு இரண்டு வருடம் முன்பே ‘சுதந்திரம்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார்.

எட்டு மணி நேரம் என்ற கருத்து சுப்பையாவின் மூளையில் முளைத்ததல்ல. பிரிட்டனில் ராபர்ட் ஓவன் அதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பேசினார். 1886 மே மாதம் சிகாகோ தொழிலாளர்கள் அதற்காகத் தெருவில் இறங்கினார்கள். 1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுதான் முதல் மே தினம். 1936 ஜூனில் பாரிசில் லெயோன் ப்ளூம் அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று சட்டமே போட்டது. அடுத்த மாதம், அதே பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில் துப்பாக்கி வெடித்தது.

ஒரு கருத்து எவ்வளவு பெரியதானாலும் தானாகக் கப்பலேறி வராது. ஒவ்வொரு ஊரிலும் அதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்; அந்த ஆளை நம்பி மில் வாசலில் நிற்க ஆயிரம் பேர் வேண்டும். இரண்டும் இங்கே இருந்தன. அதனால் 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலைக்கும் சங்கம் வைக்கும் உரிமைக்கும் வழி பிறந்தது. பக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவின் ஆலைகளுக்கு வாரம் 48 மணி நேரம் என்ற வரம்பு 1946இல்தான் வந்தது. அதற்கும் அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்து பாடுபட வேண்டியிருந்தது.

என் தாத்தா சவானா மில்லில் வேலை பார்த்தவர். தவளக்குப்பத்திலிருந்து நடந்தே போவார். விடியும் முன்னே கிளம்பி, பிள்ளைகள் தூங்கிய பிறகு திரும்பிய காலமும் அவருக்கு உண்டு. சங்கு ஊதியதும் வெளியே வந்து, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்த காலமும் உண்டு. அந்தச் சாயங்காலங்களில்தான் என் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னார். அப்பா படித்தார், வேலைக்குப் போனார், பணம் சேர்த்தார். அந்தப் பணம்தான் என் கடைக்குப் போட்ட முதல். எட்டு மணி நேரச் சட்டம் இல்லாவிட்டால் எனக்குக் கடையே இல்லை. இது தெரிந்திருந்தும் நான் அப்படி நடந்துகொண்டேன்.

புடவைக் கடை வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியாது. ஒரு வாடிக்கையாளருக்கு முப்பது புடவை பிரித்துப் போட வேண்டும். அவர் ஒன்றும் எடுக்காமல் போனாலும் முப்பதையும் மடிப்பு கலையாமல் மடித்து அடுக்க வேண்டும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் ஈ காக்கை இருக்காது. அப்போதும் அவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். ஒரு காலை மாற்றி ஒரு காலில் பாரத்தைப் போட்டு, அலமாரியில் முதுகைச் சாய்ப்பார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்துவிடுவார்கள்.

ஒருமுறை அவர்களில் மூத்தவர் கேட்டார்: “ஆள் இல்லாத நேரத்துக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் குடுங்கண்ணா. கால் ரொம்பக் கடுக்குது.”

“வர்றவங்க பாத்தா நல்லாவா இருக்கும்மா?” என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

எனக்கு விவரம் தெரியாமல் இல்லை. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்மணி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைக் கட்டி, கடைப் பெண்களுக்குக் கழிப்பறையும் உட்காரும் உரிமையும் கேட்டுப் போராடியதைப் படித்திருக்கிறேன். அதன் பலனாகக் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் அதே உரிமையைச் சட்டமாக்கியது. என்னோடு தொழில் செய்யும் ஒருவர் இதைப் பற்றிக் கேட்டபோது, “அது முள்ளோடை எல்லைக்கு அந்தப் பக்கம். நமக்கில்லை” என்றேன். பாரிசில் வந்த சட்டம் 1936இல் கடலைத் தாண்டவில்லை என்று மேடையில் கொதித்தவன் நான். கடலூர்க் கடைக்காரர் பெண்களை உட்கார வைக்க வேண்டும் என்ற சட்டத்தை எல்லையிலேயே நிறுத்தியவனும் நான்தான். எட்டு மணி நேரத்துக்கு அந்தச் சாக்கும் கிடையாது. கடைகளுக்கான சட்டம் புதுச்சேரியில் 1964இலிருந்தே இருக்கிறது.

இதையெல்லாம் விடக் கேவலமான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு ஜூலை 30 அன்று நினைவுக் கூட்டத்தில் என் முறைக்காக மேடையில் காத்திருந்தேன். கைப்பேசியில் கடைக் கேமராவைப் பார்த்தேன். அந்த மூத்த பெண் கீழே துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போன் போட்டு எழுந்திருக்கச் சொன்னேன். பிறகு எழுந்து போய், 12 தியாகிகளைப் பற்றிப் பேசினேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கொஞ்ச காலம் கழித்து அவர் வேலையை விட்டார். காலில் நரம்பு சுருண்டு புடைத்து நிற்க முடியாமல் போயிருந்தது. கடைசிச் சம்பளம் வாங்க வந்தபோது கணக்குப் பார்த்து, வந்த நாட்களுக்கு மட்டும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “வரேன்ணா” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சண்டை போட்டிருந்தால் நானும் நியாயம் பேசியிருப்பேன். பேச எனக்கு ஒன்றும் இல்லாமல் போனபோதுதான் செய்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது.

வரலாற்றைப் பெரியவர்கள் மாற்றுகிறார்கள் என்று நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். சுப்பையா இல்லாமல் புதுச்சேரித் தொழிலாளிக்கு விடிவில்லை. ஆனால் அவர்களைப் புகழ்வதையே என் பங்கு என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் மாற்றப் போராடிய இடம் என் கல்லாப்பெட்டி இருக்கும் இடம்தான் என்று யோசிக்கவில்லை. துப்பாக்கி எடுத்தவர்களால் அந்தக் கருத்தை நிறுத்த முடியவில்லை. என்னைப் போன்றவர்கள் சத்தமில்லாமல், மாலை போட்டுக்கொண்டே அதை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இப்போது கடையில் ஒவ்வொரு பிரிவிலும் முதுகு சாயும் நாற்காலி இருக்கிறது. நேரத்தை இரண்டு ஷிப்டாகப் பிரித்து இன்னும் ஆள் சேர்த்திருக்கிறேன். லாபம் குறைந்திருக்கிறது. அப்படிக் குறைந்ததுதான் இத்தனை காலம் நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. வேலையில் இருப்பவர்களுக்குப் பழைய கூடுதல் நேரத்தைக் கணக்குப் போட்டு மாதாமாதம் கொடுத்து வருகிறேன். அந்த மூத்தவர் வீட்டுக்குப் போய் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தேன். அதனால் அவர் கால் சரியாகிவிடவில்லை. விட்டுப்போன மற்றவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நோணாங்குப்பத்திலிருந்து கன்னியக்கோயில் வரை இந்தச் சாலையில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களில் பலர் என்னோடு அந்த நினைவுக் கூட்டங்களுக்கு வந்தவர்கள், பலருடைய தாத்தாவும் மில்லில் இருந்தவர். சட்டம் வரட்டும், அதிகாரி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாற்காலியை நாளைக்கே போடுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அதற்கு உரியதைக் கொடுங்கள். வருகிற ஜூலை 30இல் நான் பேசப் போவதில்லை. என் கடைப் பெண்களில் ஒருவருக்கு அந்த இடத்தைக் கொடுங்கள் என்று கூட்டம் நடத்துபவர்களிடம் கேட்டிருக்கிறேன். என்னைப் பற்றியும் அவர் பேசட்டும்.