பெரிய வண்டி, சிறிய பயணம்

சிங்கப்பூரின் கார்நிறுத்துமிடங்களில் ஒரு காருக்கு ஒதுக்கப்படும் கட்டம் பொதுவாக 2.4 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் உடையது. ஜூரோங்கில் எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் கட்டங்களும் அதே அளவுதான். அவ்வளவு இடத்துக்குள் ஒரு குடும்பம் சமைத்து, சாப்பிட்டு, படுத்து உறங்க முடியுமா? முடியும் என்கிறார்கள், கேம்பர்வேனில் பயணம் செய்பவர்கள்.

படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி ஆகியவை பொருத்தப்பட்ட வேனைத்தான் கேம்பர்வேன் என்கிறோம். நம் சாலைகளில் சரக்கு ஏற்றிச் செல்லும் டொயோட்டா ஹையேஸ் வேனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் நீளம் ஏறக்குறைய 4.7 மீட்டர். அதைப் போன்ற வேன்களே பல நாடுகளில் சிறிய கேம்பர்வேன்களாக மாற்றப்படுகின்றன. மோட்டர்ஹோம் இதைவிடப் பெரியது. ஆறு பேர் படுக்கக்கூடிய மோட்டர்ஹோம் பெரும்பாலும் 7 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் இருக்கும். கழிப்பறையும் குளியலறையும் உள்ளேயே அமைந்திருக்கும். நம் கார்நிறுத்துமிடத்தில் அதை நிறுத்தினால் அதன் வால் அடுத்த கட்டம்வரை நீளும்.

இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி, ஓர் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு முன்பு எங்கள் வீட்டில் எழுந்தது. நானும் என் கணவரும், உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளும், எழுபது வயதை எட்டிய என் அம்மாவும் நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போவதென்று முடிவு செய்திருந்தோம். தென்தீவு சிங்கப்பூரைவிட ஏறக்குறைய 200 மடங்கு பெரியது. அங்கும் நம்மைப்போலவே சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறார்கள். அதனால்தான் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பல அங்கே வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிச் செல்கின்றன.

எங்களுக்குக் கிடைத்த பட்டியலில் இரண்டு வண்டிகள் பொருத்தமாகத் தெரிந்தன. ஒன்று, உயரமான கூரை கொண்ட சிறிய கேம்பர்வேன். கீழே இருவரும் கூரையை ஒட்டிய பலகைப் படுக்கையில் இருவரும் படுக்கலாம். மற்றொன்று, ஆறு பேருக்கான மோட்டர்ஹோம். அதன் வாடகை முதலாவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

என் கணவர் சிறிய வேனின் பக்கம் நின்றார். “நான் ஓட்டிய பெரிய வண்டி நம் கார்தான். மலைச்சாலையில் 7 மீட்டர் வண்டியை வளைத்துத் திருப்ப வேண்டுமே!” என்றார். என் மகளும் அதையே விரும்பினாள். ஏரிக்கரையோ கடற்கரையோ, நினைத்த இடத்தில் நிறுத்திக்கொண்டு உறங்கலாம் என்பது அவளது கனவு. செலவுக் கணக்கைப் பார்க்கும் எனக்கும் சிறியதே நல்லதாகப் பட்டது. அம்மாவிடம் கேட்டோம்.

“எனக்காகப் பெரிய வண்டி எடுத்துவிடாதே. ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு ஓர் ஓரம் போதும்” என்றார் அம்மா.

நால்வரும் ஒரே பக்கம். அத்துடன் பேச்சை முடித்துப் பணத்தைக் கட்டியிருக்கலாம். ஆனால், என் மகள் பள்ளியில் கற்ற வழக்கப்படி, இரண்டு வண்டிகளின் நன்மை தீமைகளை ஒரு தாளில் எழுதத் தொடங்கினாள். எழுத எழுத, நாங்கள் அதுவரை கேட்காத கேள்விகள் வெளியே வந்தன.

முதலாவது, படுக்கை எண்ணிக்கை. நான்கு பேர் படுக்கலாம் என்று எழுதியிருந்தால் நான்கு பேர் பயணம் செய்யலாம் என்று பொருளாகாது. வண்டி ஓடும்போது ஒவ்வொருவருக்கும் இருக்கைவாருடன் கூடிய இருக்கை வேண்டும். படுக்கைகளையும் இருக்கைவார்களையும் தனித்தனியாக எண்ண வேண்டும். நாங்கள் பார்த்த சிறிய வேனில் இரண்டும் நான்காக இருந்தன. அது தேர்ச்சி பெற்றது.

இரண்டாவது, நிறுத்தும் இடம். நியூசிலாந்தில் கட்டண முகாம்களுக்கு வெளியே, உள்ளூர் மன்றங்களின் பொது இடங்களில் இரவு தங்குவதற்கு விதிகள் உள்ளன. அத்தகைய பல இடங்களில், கழிவுநீரை வெளியே விடாமல் தனக்குள்ளேயே தேக்கி வைக்கும் வண்டி என்ற சான்றிதழ் தேவை. 2023ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டப்படி, அந்தச் சான்றிதழ் பெற வண்டியில் நிலையாகப் பொருத்தப்பட்ட கழிப்பறை இருக்க வேண்டும். கையில் எடுத்து வைக்கக்கூடிய சிறிய கழிப்பெட்டி போதாது. எங்கள் சிறிய வேனில் இருந்தது அந்தப் பெட்டிதான். நினைத்த இடத்தில் உறங்கும் கனவு பாதியாகச் சுருங்கியது.

மூன்றாவது, சாலை. இந்தக் கேள்வி பெரிய வண்டிக்கு எதிராக நின்றது. நியூசிலாந்து நெடுஞ்சாலைகளில் ஒரே நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள் மட்டும் செல்லக்கூடிய ஒற்றைத்தடப் பாலங்கள் நிறைய உண்டு. திறந்தவெளிச் சாலைகளில் கார்களுக்கான உச்ச வேகம் பொதுவாக மணிக்கு 100 கிலோமீட்டர். மொத்த எடை 3,500 கிலோகிராமைத் தாண்டும் வண்டிகளுக்கு அது 90. உயரமான வண்டியைப் பக்கவாட்டுக் காற்று தள்ளும். டீசலில் ஓடும் வண்டிகளுக்கு, ஓடிய தூரத்தைப் பொறுத்துச் சாலைக் கட்டணமும் உண்டு.

தாளில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நின்றன. அப்போது என் மகள் ஒரு யோசனை சொன்னாள். சிறிய வேனின் உள் அளவுகளை எடுத்து, ராஃபியா கயிற்றால் எங்கள் வரவேற்பறைத் தரையில் ஒரு செவ்வகம் போட்டாள். இருக்கைகளுக்குப் பதில் நாற்காலிகள், அடுப்புக்குப் பதில் ஒரு முக்காலி. நால்வரும் உள்ளே நின்று பார்த்தோம். ஒருவர் நகர்ந்தால் மற்ற மூவரும் நகர வேண்டியிருந்தது. பகலில் உட்காரும் இடமே இரவில் படுக்கையாக வேண்டும் என்பதால், ஒருவர் படுத்தால் எல்லாரும் படுத்தாக வேண்டும். முதலில் சிரிப்பாக இருந்தது.

அம்மா கீழ்ப் படுக்கையின் உள்பக்கத்தில், சுவரோரமாகப் படுத்தார். வெளிப்பக்கத்தில் நான். “பாட்டி, நடு இரவில் எழுந்தால் எப்படி வெளியே போவீர்கள்?” என்று என் மகள் கேட்டாள். என்னைத் தாண்டி, முக்காலியைச் சுற்றி, கதவைத் திறந்து, இருட்டில் முகாமின் பொதுக் கழிப்பறைக்கு நடக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவர் இரவில் இரண்டு முறையாவது எழுவார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“அதற்கென்ன? சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வேன்” என்றார் அம்மா, மிகச் சாதாரணமாக.

யாரும் சிரிக்கவில்லை. பத்து நாள் விடுமுறை முழுவதும் தாகத்தை அடக்கிக்கொள்ள அவர் ஏற்கனவே திட்டமிட்டிருந்தார். அந்தத் திட்டம் எங்கள் தாளின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ‘ஓர் ஓரம் போதும்’ என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

என் கணவர் தரையிலிருந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். “பெரியதையே எடுப்போம். ஆனால், நான் ஓட்டக்கூடிய பயணமாக அதை மாற்றித் தாருங்கள்” என்றார்.

அன்றிரவு மேசைமேல் வரைபடத்தை விரித்தோம். எங்கள் முதல் திட்டத்தில் ஏழு ஊர்கள் இருந்தன. வனாக்காவுக்கும் குவீன்ஸ்டவுனுக்கும் இடையில் 1,000 மீட்டருக்கும் மேலே ஏறிச் செல்லும் கிரவுன் மலைத்தொடர்ச் சாலையை நீக்கினோம். மேற்குக் கோடியிலுள்ள மில்ஃபர்ட் சவுண்ட், அருவிகள் விழும் பெரிய கடல்நுழைவு. என் மகள் மிகவும் எதிர்பார்த்திருந்த இடம் அது. ஆனால் நீண்ட தூரம், குறுகலான மலைப்பாதை, இரட்டிப்பான வாடகை என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது அதற்கு இடமில்லை. அவளே பேனாவை எடுத்து அதன்மேல் கோடு போட்டாள். அன்று இரவு அவள் அதிகம் பேசவில்லை. பாட்டிக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

இறுதியில் மூன்று ஊர்கள் மிஞ்சின. பெரிய வண்டியில் சிறிய பயணம் என்று அதற்கு என் கணவர் பெயர் வைத்தார்.

டிசம்பரில் கிறைஸ்ட்சர்ச் நகரில் வண்டியைப் பெற்றோம். முதல் நாள் 20 நிமிடம் ஒரு காலியான வாகன நிறுத்துமிடத்தில் திருப்பியும் பின்னோக்கி ஓட்டியும் பழகிய பிறகே அவர் நெடுஞ்சாலைக்குச் சென்றார். டெக்காப்போ ஏரிக்கு ஏறக்குறைய 225 கிலோமீட்டர். பின்னால் கார்கள் சேர்ந்தபோதெல்லாம் ஓரமாக நிறுத்தி வழிவிட்டார். ஒரு சமவெளியில் காற்று வண்டியை உலுக்கியபோது வேகத்தைக் குறைத்தார். மூன்று மணி நேரத்தில் போகக்கூடிய இடத்துக்கு எங்களுக்கு ஐந்து மணி நேரமானது.

பெரிய வண்டிக்கென்று சில வேலைகளும் இருந்தன. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் கோப்பைகளை அடுக்கி, அலமாரிகளைப் பூட்டி, எரிவாயுவை அடைத்து, முகாமின் மின்கம்பியைக் கழற்ற வேண்டும். கழிவுத் தொட்டியை அதற்குரிய இடத்தில் காலி செய்ய வேண்டும். அந்த வேலை என் கணவருக்கும் எனக்கும் மாறி மாறி வந்தது. வீட்டைக் கூடவே கொண்டுபோனால் வீட்டு வேலையும் கூடவே வரும்.

டெக்காப்போ வட்டாரம் 2012ஆம் ஆண்டில் அனைத்துலக இருள்வானக் காப்பிடமாக அங்கீகரிக்கப்பட்டது. இரவில் விண்மீன்கள் தெளிவாகத் தெரிவதற்காக அங்கே விளக்குகளின் ஒளியைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஆனால் டிசம்பரில் சூரியன் மறையவே இரவு ஒன்பது மணிக்கு மேலாகும். வானம் நன்றாக இருட்டுவதற்குள் நாங்கள் களைத்து உறங்கிவிட்டோம். இரவு இரண்டு மணியளவில் அம்மா எழுந்தார். கழிப்பறை மூன்று அடி தூரத்தில் இருந்தது. திரும்பி வரும்போது சன்னல் திரையை விலக்கிப் பார்த்தவர், பேத்தியை மெதுவாக எழுப்பினார்.

“வானம் நிறைய விண்மீன்கள். ஆனால் அங்கே மட்டும் மேகம் மறைக்கிறது, பார்” என்றார்.

“அது மேகம் இல்லை, பாட்டி. அது இன்னொரு விண்மீன் மண்டலம். மெகல்லன் மேகம் என்று பெயர்தான் அப்படி” என்றாள் அவள். இருவரும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு வண்டியின் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வந்ததும் அம்மா ஒரு குவளை நிறையத் தண்ணீர் குடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் எங்களுக்குப் பக்கத்தில் ஓர் இளம் தம்பதியர் சிறிய கேம்பர்வேனில் தங்கியிருந்ததைக் கண்டோம். பத்தே நிமிடத்தில் படுக்கையை மடித்துக் கிளம்பினார்கள். மில்ஃபர்ட் சவுண்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். என் மகள் அந்த வேன் சாலையில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்களுக்கு அந்த வண்டி மிகச் சரியானது. இரண்டு பேர், நல்ல முழங்கால்கள், நெடுந்தூரம் போகும் ஆசை. விரலுக்கேற்ற வீக்கம் என்பது அவர்களுக்கும் பொருந்தியது, எங்களுக்கும் பொருந்தியது. விரல்கள்தான் வேறு.

சிறியதா பெரியதா என்று என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கு நான் வண்டியின் பெயரைச் சொல்வதில்லை. எத்தனை இருக்கைவார்கள் தேவை, எந்தச் சாலையில் போகிறீர்கள், ஓட்டுபவருக்கு எவ்வளவு பழக்கம் உண்டு, இரவில் எழுபவர் யார் என்று கேட்கிறேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் யாராவது ஒருவர் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். என் மகள் விட்டுக்கொடுத்தது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் நன்றி சொல்ல முடிந்தது. என் அம்மா விட்டுக்கொடுக்க இருந்ததோ யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு முடிவு எடுக்கும் நாள் வரும். அப்போது “எனக்கு எதுவானாலும் சரி” என்று ஒருவர் சொன்னால், அதோடு நிறுத்திவிடாதீர்கள். அவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்.