எந்தப் பனி?

அக்டோபர் மாதத்தின் கடைசி வாரம். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரிலிருந்து மகள் அழைத்தபோது, பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் தந்தை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தாள். அதற்குப் பனிக்கால டயர் மாட்ட வேண்டும், நான்குக்கும் சேர்த்துப் பெருந்தொகை ஆகும் என்று சொன்னாள். தந்தைக்கு விளங்கவில்லை.

"பனிக்கு எதுக்குப் பாப்பா டயர்? மஞ்சள் லைட்டப் போட்டு மெதுவா ஓட்டினாப் போதாதா?"

அவர் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டுபவர். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். பனி என்றால் மார்கழி விடியலில் ஒசூரைத் தாண்டியதும் சாலையை மூடிக்கொள்ளும் வெண்திரை என்பதே அவர் அறிந்தது. அது கண்ணை மறைக்கும். சக்கரத்தை ஒன்றும் செய்யாது. அதற்கு வேண்டியது விளக்கும் பொறுமையுமே.

பிழை அவருடையதன்று. தமிழில் பனி என்னும் ஒரே சொல் புல்நுனித் துளியையும், மூடுபனியையும், குளிரையும், வானிலிருந்து உதிரும் வெண்துகளையும் குறிக்கிறது. தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, அவற்றுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிடுகிறது. இரண்டிலும் சாலை உறைவதில்லை. உறைபனி, பனிப்பொழிவு ஆகியவை பாடநூலிலும் செய்தியிலும் புழங்கும் சொற்கள். ஒசூர்ச் சாலையில் அவற்றுக்கு வேலையில்லை. ஆகவே மகள் ஒரு பனியைச் சொன்னாள், தந்தை இன்னொரு பனியைக் கேட்டார்.

அவள் வேறு வழியில் விளக்கினாள். தை மாதக் காலையில் பெங்களூரு வீடுகளில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்துவிடும்; தலைக்கு வைக்க வேண்டுமானால் வெயிலிலோ வெந்நீரிலோ வைத்து எடுக்க வேண்டும். ரப்பர் அப்படி உறைவதில்லை. எனினும் குளிரக் குளிர விறைக்கிறது. விறைத்த ரப்பர் சாலையின் நுண்மேடு பள்ளங்களில் அழுந்திப் பிடிக்க இயலாமல் மேலாக வழுக்குகிறது. கோடைக்கால டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே இந்நிலையை நெருங்கும் என்பது டயர்த் தொழிலில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. பனிக்கால டயரின் ரப்பர்க் கலவை குளிரிலும் நெகிழ்வு குன்றாதது. அதன் பட்டன்களில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய கீறல்கள் நெருக்கமாக இருக்கும். அவற்றின் ஓரங்கள் வெண்பனியைக் கவ்வும். பக்கவாட்டில் மூன்று முகடு கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த அடையாளம் இருக்கும்.

"அந்த ஊரே குளிரா?" என்று தந்தை கேட்டார். அங்குதான் சிக்கல். ஃப்ரைபுர்க் ஜெர்மனியின் வெப்பமான நகரங்களுள் ஒன்று. நகருக்குள் வெண்பனி தங்கும் நாள்கள் குறைவு. ஆனால் வாடகை குறைவு என்பதற்காக மகள் குடியேறியிருந்த சிற்றூர் கருங்காட்டு மலைச்சரிவில் இருந்தது. கீழே மழை பெய்யும் அதே மணியில் மேலே வெண்பனி கொட்டும். எல்லாப் பருவத்துக்குமான டயர் என்று ஒருவகையும் உண்டு. நகருக்குள் மட்டும் ஓட்டுவோருக்கு அது போதும். நாள்தோறும் மலையேறி இறங்குபவளுக்கு அது அரைகுறை ஏற்பாடு. ஜெர்மானியச் சட்டம் தேதி குறிப்பதில்லை. சாலையில் வெண்பனியோ உறைபனியோ இருந்தால் அதற்கேற்ற டயர் இருக்க வேண்டும், இல்லையேல் 60 யூரோ அபராதம், உரிமக் கணக்கில் ஒரு புள்ளி. தேதியை மக்கள் வழக்கே வைத்துக்கொண்டது. அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை. ஜெர்மன் மொழியில் இரண்டுமே 'ஓ'வில் தொடங்குவதால் 'ஓ முதல் ஓ வரை' என்பார்கள். கழற்றிய நான்கு டயர்களையும் அடுத்த பருவம் வரை பணிமனையிலேயே கட்டணத்துக்கு வைத்திருப்பார்கள். அந்தச் சேவைக்கு ரைஃபன்ஹோட்டல், அதாவது டயர் விடுதி, என்று பெயர்.

"டயருக்கு லாட்ஜா?" என்று தந்தை வெகுநேரம் சிரித்தார். அன்று மாலை வண்டி நிறுத்தத்தில் மற்ற ஓட்டுநர்களிடமும் அதைச் சொன்னார்.

சிரிப்பு ஓய்ந்ததும் தமக்குள் ஒரு முடிவுக்கு வந்தார். பெங்களூருவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை, 1884ஆம் ஆண்டு ஜனவரி 13 அன்று பதிவானது. டயர்க்காரர்களின் 7 பாகைக் கோட்டை இந்நகரம் பதிவு அறிந்த வரையில் ஒருமுறையும் தாண்டவில்லை. மகள் இதைச் சொன்னபோது அவருக்குப் பெருமையாக இருந்தது. பனிக்கால டயரை இங்கே மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் கேட்டறிந்தார். வெயில் ஏறிய சாலையில் அந்த மென்ரப்பர் குழைந்து விரைவில் தேயும். வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும் கூடும். ஆக, அது இங்கே வீண் மட்டுமன்று, கேடும்கூட. அதுவரை சரி. ஆனால் அவர் அதைக் கடந்து ஒரு படி சென்றார். நமக்கு டயர் மாற்றும் பருவமென்று ஒன்று கிடையாது, ஓடும்வரை ஓடட்டும் என்பது அவர் முடிவு.

மிதமான தட்பவெப்பத்தின் ஆபத்து இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. குளிர்நாட்டில் பருவம் வாசலில் வந்து நின்று செலவு செய்யச் சொல்கிறது. அண்டை வீட்டார் மாற்றுகிறார்கள், பணிமனை நாள் குறிக்கிறது, காவலர் அபராதம் விதிக்கிறார். பெங்களூருவில் எந்த நாளும் முந்தைய நாளைப் போலவே இருக்கிறது. டயர் ஒரே நாளில் தேய்வதில்லை. ஒவ்வொரு நாளும் நேற்றைய டயராகவே தோன்றுகிறது. முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதும் ஓட்டுநரின் பணப்பையிடம் விடப்படுகிறது. அந்தப் பணப்பைக்கோ கடன் தவணை, எரிபொருள், காப்பீடு என்று வேறு அவசரங்கள்.

இந்தியச் சட்டத்திலும் ஓர் அளவு உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காரின் டயரில் வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகளை வார்த்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அம்மேட்டோடு சமமானால் டயரின் காலம் முடிந்தது. புதிய கார் டயரில் ஏறத்தாழ 7 முதல் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். தந்தையின் முன்சக்கரங்களில் அப்போது 2 மில்லிமீட்டர் அளவே மீந்திருந்தது. சட்டப்படி அவர் குற்றமற்றவர். எஃப்.சி. சோதனைக்காக மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவோரும், வழுக்கையான டயரில் சூட்டுக்கத்தியால் புதுக்கோடு வெட்டிக்கொள்வோரும் இருக்கும் தொழிலில், அவர் நேர்மையானவரும்கூட.

ஏப்ரலில் மாஞ்சாரல் வந்தது. பின்னிரவு இரண்டரை மணி. கெம்பேகவுடா விமான நிலையத்திலிருந்து ஒரு பெண்ணையும் உறங்கும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு பல்லாரிச் சாலையில் வந்துகொண்டிருந்தார். அரைமணி நேரம் கொட்டித் தீர்த்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. எலகங்கா நெருங்கும் இடத்தில் சாலையோரம் தேங்கிய நீர் நடுத்தடம் வரை பரவியிருந்தது. விளக்கொளியில் அது வெறும் ஈரமாகவே தெரிந்தது. வேகம் 85 கிலோமீட்டர். நீரில் ஏறிய கணத்தில் ஸ்டியரிங் கையில் கனமற்றுப் போனது. திருப்பினாலும் வண்டிக்குக் கேட்கவில்லை. அவர் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தார். இரண்டு நொடியோ மூன்று நொடியோ. பிறகு சக்கரங்கள் மீண்டும் தரையைப் பற்றின. முன்னால் சென்ற பேருந்தின் பின்விளக்குகள் எவ்வளவு அருகில் இருந்தன என்பதை அப்போதுதான் கண்டார். பின்னிருக்கையில் இருவரும் விழிக்கவில்லை.

வீட்டில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து மகள் ஈஸ்டருக்குப் பின் டயர் மாற்றிய கதையைச் சொன்னபோது, பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "ஏன் பாப்பா, ஸ்டியரிங் சும்மா காத்துல சுத்துற மாதிரி ஆனா, அது எதனால?"

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, டயரைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. காத்து எவ்வளவு இருக்குன்னும் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

காற்றழுத்தம் 25 பி.எஸ்.ஐ. இருந்தது. 32 இருந்திருக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் காற்றுப் பொறி பழுதாகிப் பல வாரம் ஆகியிருந்தது. வேறிடம் போகச் சோம்பல்.

நீர்மேல் மிதத்தலுக்கு ஒரு கணக்கு உண்டு. விமானச் சக்கரங்களை ஆராய்ந்த நாசா அறிஞர் வால்டர் ஹோர்னும் அவர் குழுவினரும் 1960களில் தந்தது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35 ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகம் மைல் கணக்கில் கிடைக்கும். 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அது மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர்; 25க்கு 83 கிலோமீட்டர். நீரின் ஆழம் பட்டன் பள்ளத்தின் ஆழத்தை விஞ்சும்போது பொருந்தும் கணக்கு இது. பள்ளம் ஆழமாக இருந்தால் நீர் அதன் வழியே வெளியேறிவிடும். வெறும் 2 மில்லிமீட்டர் பள்ளத்துக்குச் சிறு தேக்கமும் மிகை. 85இல் சென்றவர் மிதந்ததில் வியப்பில்லை.

கணக்கைக் கேட்டுவிட்டுத் தந்தை, "அப்ப நான் நல்லா ஓட்டறவன்கிறதெல்லாம்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். இருபத்திரண்டு ஆண்டுகளில் விபத்தில்லாதவர் அவர். அந்தப் பெருமையில் ஒரு பங்கு டயருடையது, இன்னொரு பங்கு வறண்ட சாலையுடையது என்பதை அன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுவாரம் ஜே.சி. ரோட்டுக்குப் போனார். நான்கும் வாங்கப் பணமில்லை. மகள் அனுப்புவதாகச் சொன்னதை மறுத்துவிட்டார். இரண்டு வாங்கினார். கடையில் ஈரப்பிடிப்பு எப்படி என்று கேட்டார். ஈரச் சாலையில் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, ஒலி ஆகிய மூன்றுக்கும் தர வரம்பு வகுத்து 2022ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டிருந்ததை மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். கடைக்காரர், இத்தனை ஆண்டுகளில் எந்த டயர் அதிக கிலோமீட்டர் உழைக்கும் என்று மட்டுமே ஓட்டுநர்கள் கேட்டிருக்கிறார்கள் என்றார். நெடுநாள் உழைக்கும் கெட்டி ரப்பரும் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் ரப்பரும் பெரும்பாலும் ஒன்றாக வாய்ப்பதில்லை. தந்தை இரண்டாவதைத் தேர்ந்தார். பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கங்களையும் பார்த்தார். முதலிரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

பிறகு ஒரு வாதம். புதிய இரண்டையும் எங்கே மாட்டுவது? ஸ்டியரிங் முன்னால், இழுக்கும் சக்கரம் முன்னால், பிரேக்கின் சுமையும் முன்னால். ஆகவே புதியது முன்னால் என்றார் தந்தை. பணிமனைப் பையனும் அதையே சொன்னான். டயர் நிறுவனங்களின் அறிவுரை நேரெதிரானது. முன்சக்கரம் பிடிப்பை இழந்தால் வண்டி நேராகச் செல்லும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீளும். அன்றிரவு அவர் மீண்டது அவ்வாறே. பின்சக்கரம் இழந்தாலோ வண்டி சுழலும். தேர்ந்த ஓட்டுநருக்கும் அதிலிருந்து மீள்வது அரிது. ஆகவே புதியவை பின்னால். பின்னாலிருந்த நடுத்தரமான இரண்டையும் முன்னால் கொண்டுவந்தார்கள். தேய்ந்த இரண்டையும் கடையிலேயே விட்டுவிட்டார். யாரோ விலைபேசி வாங்கிச் செல்லக்கூடும் என்று தெரிந்தபோது திரும்பிச் சென்று இரண்டிலும் பக்கவாட்டைக் கத்தியால் அறுத்துக் கொடுத்தார். அதனால் சில நூறு ரூபாய் இழப்பு.

அந்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது. பெங்களூருவில் மழை மிகும் செப்டம்பரும் அக்டோபரும் கூடும் இடத்தில் அமையும் திருநாள் அது. சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைக்கக் குனிகிறபோது, நகரத்தின் ஓட்டுநர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் டயரின் முன் மண்டியிடுகிறார்கள். அவர் எலுமிச்சை வைப்பதற்கு முன் ஒரு சிறிய அளவுகோலைப் பட்டன் பள்ளத்தில் இறக்கிப் பார்த்தார். முன்னால் 3, பின்னால் 6. நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அடுத்த அளவை உகாதியன்று, மாஞ்சாரலுக்கு முன்.

மாலையில் மகளிடம் சொன்னார்: "உங்க ஊருக்கு ஓலேர்ந்து ஓ வரைக்கும். எனக்கு உகாதிலேர்ந்து ஆயுத பூஜை வரைக்கும். நீ எப்பம்மா மாத்தப் போற?"

அடுத்த சனிக்கிழமை பணிமனையில் நாள் கொடுத்திருப்பதாக அவள் சொன்னாள்.