கரைந்த உருண்டைகள்

பசி வந்தபோது எந்த உணவும் இனிக்கும். ஆயினும், பசியில்லாத வேளையிலும் நினைத்த மாத்திரத்தில் நாவில் நீர் ஊறச் செய்யும் உணவு ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் விலையுயர்ந்த உணவாக இராது. பெருவிருந்தில் உண்டதாகவும் இராது. இளமையில், வீட்டு அடுப்பங்கரையில், அன்புடைய ஒருவர் தம் கையால் ஆக்கி இட்ட எளிய உணவாகவே இருக்கும். அந்தக் கை ஓய்ந்த பின்னர், அவ்வுணவைத் தாமே ஆக்கிப் பார்க்க முனைவோர் பலர். முனைந்தவர் எல்லாரும் வெற்றி பெறுவதில்லை. அவ்வாறு முனைந்து தோற்ற இளைஞன் ஒருவனின் கதை இது.

ஜெர்மனி நாட்டின் நடுப்பகுதியில் தூரிங்கியா என்னும் மாநிலம் உள்ளது. காடு அடர்ந்த குன்றுகளும், அவற்றின் அடிவாரத்தில் சிற்றூர்களும் நிறைந்த நாடு அது. இசை மேதையாகிய பாக், அம்மாநிலத்தின் ஐசனாக் நகரில் 1685-ஆம் ஆண்டில் பிறந்தார். பெருங்கவிஞராகிய கெதே, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்குள்ள வைமார் நகரில் கழித்தார். அம்மாநிலத்தாரிடம் அவர்களுடைய பெருமைகளைக் கேட்டால், இவ்விருவரையும் சொல்லிய பின்னர், மூன்றாவதாக ஒன்றையும் மறவாமல் சொல்வார்கள். அதுதான் ‘குளோஸ்’ எனப்படும் உருளைக்கிழங்கு உருண்டை. வைமாருக்கு அருகில் உள்ள ஹைகல்ஹைம் என்னும் சிற்றூரில் அவ்வுருண்டைக்கென ஓர் அருங்காட்சியகமே அமைத்தனர் என்றால், அதன்மீது அம்மக்கள் கொண்ட பற்றினை நாம் உணரலாம்.

உருளைக்கிழங்கு ஐரோப்பாவிற்கு உரிய பயிர் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் அது அங்கு வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் மக்கள் அதனை ஐயத்துடன் நோக்கினர். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக், அதனைப் பயிரிடுமாறு 1756-ஆம் ஆண்டில் ஆணையே பிறப்பித்தார். போட்ஸ்டாம் நகரில் உள்ள அவருடைய கல்லறையின்மீது, மலர்களோடு உருளைக்கிழங்குகளையும் மக்கள் இன்றும் வைத்துச் செல்கின்றனர். தூரிங்கியாவின் குன்றுப் பகுதிகளிலும் அக்கிழங்கு ஏழையின் வயிற்றை நிரப்பியது. ஏழையின் உணவாகப் புகுந்த அது, காலப்போக்கில் ஞாயிற்றுக்கிழமை விருந்தாக உயர்ந்தது.

நம் கதைக்கு உரிய இளைஞன், அம்மாநிலத்தின் தலைநகராகிய எர்ஃபுர்ட்டில் பொறியியல் பயின்று வந்தான். அவனுடைய பாட்டி வைமாருக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழ்ந்தார். சிறு வயதில், ஞாயிறுதோறும் நண்பகலில் குடும்பத்தார் அனைவரும் பாட்டியின் வீட்டில் கூடுவர். வறுத்த இறைச்சியும், அதன் சாற்றில் செய்த குழம்பும், வேகவைத்த சிவப்பு முட்டைக்கோசும் மேசையில் இருக்கும். அவற்றின் நடுவே, ஒரு பெரிய கிண்ணத்தில், ஆவி பறக்கும் உருண்டைகள் வீற்றிருக்கும். அவ்வுருண்டையைக் கத்தியால் அறுத்தல் கூடாது. முள்கரண்டியால் பிட்டு உண்ணுதலே அங்கு முறை. பிட்ட இடத்தில் குழம்பு ஊறும். உள்ளே, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் துண்டுகள் மொறுமொறுப்பாய் ஒளிந்திருக்கும்.

அந்த விருந்தினும் அவன் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது வேறொன்று. எல்லாரும் மேசைக்கு வருமுன்னரே அவன் அடுப்பங்கரையில் போய் நின்றுகொள்வான். பாட்டி ஒரு சிறு தட்டில் ஒரே ஓர் உருண்டையை வைத்து அவனிடம் நீட்டுவார். அவன் ஊதி ஊதி உண்ணுவான். பாட்டி அவன் முகத்தையே கூர்ந்து நோக்கிக்கொண்டு, “எப்படி இருக்கிறது?” என்று கேட்பார். “நன்றாக இருக்கிறது, பாட்டி!” என்பான் அவன். பாட்டி தலையசைத்துவிட்டு மீண்டும் அடுப்பின் பக்கம் திரும்பிவிடுவார். பேரன் பசி பொறுக்கமாட்டான் என்று எண்ணி, அவனுக்கு மட்டும் பாட்டி அன்புடன் முன்னதாகத் தருவதாகவே அவன் பல ஆண்டுகள் எண்ணியிருந்தான்.

ஒரு குளிர்காலத்தில் பாட்டி காலமானார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின, குடும்பம் ஒன்றுகூடவில்லை. அன்னைக்கும் அக்காளுக்கும் அவ்வுருண்டையைச் செய்ய வராதா என்று நினைக்கலாம். பாட்டி இருந்த வரையில் அவ்வடுப்பில் வேறொரு கைக்கு வேலை இருந்ததில்லை. அதனால் அருகில் இருந்தோரும் அதனைக் கற்கவில்லை.

பாட்டியின் பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அவர் மறைந்த பின் வரும் முதற் பிறந்தநாள் அது. அன்று தன் அறைக்கு அனைவரையும் அழைத்து, பாட்டியின் உருண்டையைத் தானே ஆக்கிப் படைப்பது என்று இளைஞன் உறுதிகொண்டான். பாட்டி தம் கைப்பட எழுதிய குறிப்புத்தாள் ஒன்று அவனிடம் இருந்தது. அதில் இருந்தவை சில வரிகளே: கிழங்கில் இரண்டு பங்கு பச்சையாகத் துருவுக, ஒரு பங்கு வேகவைக்க, இரண்டையும் சேர்க்க, உப்பு வேண்டிய அளவு, உருட்டி நீரில் இடுக. “இயந்திரங்களின் வரைபடங்களையே படித்துப் புரிந்துகொள்ளும் எனக்கு இந்தச் சில வரிகள் எம்மாத்திரம்?” என்று அவன் எண்ணினான்.

சனிக்கிழமை மாலையில் கடைக்குச் சென்று மூன்று கிலோ உருளைக்கிழங்கு வாங்கினான். தோல் மெல்லியதாய், பளபளப்பாய், பார்வைக்கு அழகாய் இருந்த கிழங்குகளையே தேர்ந்தெடுத்தான். மறுநாள் விடியற்காலையிலேயே வேலை தொடங்கிற்று. ஒரு கிலோவை வேகவைத்து மசித்துக் கூழாக்கி ஒருபுறம் வைத்தான். மற்ற இரண்டு கிலோவையும் தோல் சீவித் துருவத் தொடங்கினான். அரைமணியில் முடியும் என்று கணக்கிட்ட வேலை ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. துருவியில் பட்டு விரல் இரண்டு இடங்களில் கீறிற்று. வெண்ணிறமாக இருந்த துருவல், காற்றுப் பட்டுப் பழுப்பு நிறமாக மாறிற்று. அதனை ஒரு துணியில் கட்டிக் கை வலிக்கும் வரையில் பிழிந்தான். பிழிந்த நீரை வடிகாலில் கொட்டினான். அதற்குள் கூழ் ஆறிப் போயிருந்தது. ஆறிய கூழையும் துருவலையும் பிசைந்தான். மாவு கையில் ஒட்டிற்று. எப்படியோ பன்னிரண்டு உருண்டைகள் உருவாயின. ஒவ்வொன்றின் நடுவிலும் வறுத்த ரொட்டித் துண்டுகளை வைக்க அவன் மறக்கவில்லை.

பெரிய பாத்திரத்தில் உப்புநீர் தளதளவென்று கொதித்தது. பன்னிரண்டு உருண்டைகளையும் ஒருசேர அதில் இட்டான். வெந்த உருண்டை தானே மேலே மிதந்து வரும் என்பது அவன் அறிந்ததே. ஆவலோடு காத்திருந்தான். சில நிமிடங்களில் மேலே ஒன்று மிதந்து வந்தது. அது உருண்டை அன்று; ஒரு ரொட்டித் துண்டு! அதனைத் தொடர்ந்து மற்றொன்று; பின்னர் மேலும் பல. வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்த துண்டுகள் எல்லாம் கூட்டமாக நீந்தி வந்தன. கரண்டியை விட்டுத் துழாவினான். பன்னிரண்டு உருண்டைகளில் ஒன்றேனும் அகப்படவில்லை. பாத்திரம் நிறையச் சாம்பல் நிறக் கஞ்சியே இருந்தது.

மீண்டும் செய்யலாம் என்றால் கையில் ஒரு கிழங்கும் இல்லை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளைச் சட்டப்படி மூடிவிடுவார்கள். அவன் செய்வதறியாது நின்றான். பாழானது மூன்று கிலோ கிழங்கு மட்டும் அன்று; பாட்டியின் பிறந்தநாளும் பாழாயிற்று என்று அவன் உள்ளம் வெதும்பிற்று. பாட்டியோடு அந்த உணவும் மறைந்தே போயிற்றோ என்னும் எண்ணம் அவனை வாட்டிற்று. அவ்வேளையில் கதவு மணி ஒலித்தது.

அன்னை, தந்தை, அக்காள், அவள் கணவர், அவர்களுடைய ஐந்து வயது மகள் ஆகிய ஐவரும் உள்ளே வந்தனர். அன்னை நேரே அடுப்பின் அருகே சென்று மூடியைத் திறந்து பார்த்தார். அவர் சினக்கவில்லை, நகைக்கவும் இல்லை. “சோதனை உருண்டை போட்டுப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார்.

“அது என்ன, அம்மா?”

“முதலில் ஒரே ஓர் உருண்டையை இட்டுப் பார்ப்பார்கள். அது கரையாமல் நின்றால்தான் மற்றவற்றை இடுவார்கள். கரைந்தால், மாவைத் திருத்துவார்கள். உன் பாட்டி ஒரு ஞாயிறும் அதனைத் தவறவிட்டதில்லை.”

“நான் பார்த்ததே இல்லையே!”

“பார்க்காமல் என்ன? ஞாயிறுதோறும் அடுப்பங்கரையில் நின்று அதை உண்டவனே நீதான்!”

இளைஞன் வாயடைத்து நின்றான். சிறு தட்டும், ஆவி பறக்கும் ஒற்றை உருண்டையும், தன் முகத்தைக் கூர்ந்து நோக்கிய பாட்டியின் கண்களும் அவன் மனக்கண்முன் தோன்றின. “எப்படி இருக்கிறது?” என்று பாட்டி கேட்டது வெறும் உபசாரம் அன்று, அது ஓர் ஆராய்ச்சி. அறுபது ஆண்டுகள் ஆக்கிப் பழகிய பின்னும் தம் கையை அவர் முற்றும் நம்பிவிடவில்லை. ஞாயிறுதோறும் ஒன்றை இட்டுச் சோதித்த பின்னரே அடுத்ததை இட்டார். அப்படியாயின், அது அன்பால் தந்தது அன்றோ என்று ஒரு கணம் அவன் மயங்கினான். சோதித்துப் பார்க்கப் பாட்டியே உண்டிருக்கலாமே! அதனைப் பேரனின் கையில் கொடுத்தது அன்பு. அவன் முகத்தை நோக்கியது அறிவு. இரண்டும் ஒரே தட்டில் வந்தன.

அன்று அவர்கள் அந்தக் கஞ்சியையே கிண்ணங்களில் ஊற்றி, ரொட்டித் துண்டுகளைத் தூவி உண்டனர். சுவை சுமாராகத்தான் இருந்தது. ஆயினும் பல மாதங்களுக்குப் பின் குடும்பத்தார் அனைவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். பாட்டியைப் பற்றிய பேச்சு மாலை வரையில் நீண்டது.

விருந்தினர் சென்ற பின்னர் இளைஞன் தன் தோல்வியின் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தான். கிழங்கில் வகைகள் உண்டு. வேகும்போது மாவாக உதிர்வது ஒன்று; வெந்த பின்னும் இறுகி நிற்பது மற்றொன்று. உருண்டைக்கு வேண்டியது மாவுச்சத்து மிகுந்த முதல் வகை. அவன் அழகைக் கண்டு வாங்கியது இரண்டாம் வகை. அது காய்கறிக் கலவைக்கே ஏற்றது. இது முதற் பிழை. துருவலில் நீர் தங்குமாறு அரைகுறையாகப் பிழிந்தது இரண்டாவது பிழை. பிழிந்த நீரைச் சற்று நேரம் தெளியவிட்டால், அதன் அடியில் வெண்மையான மாவுச்சத்து படியும். அதனை எடுத்து மீண்டும் சேர்க்க வேண்டும். அவன் அதனை வடிகாலில் கொட்டிவிட்டான். இது மூன்றாவது பிழை.

நான்காவது பிழையே பெரும்பிழை. கூழைக் கொதிக்கக் கொதிக்கத் துருவலின்மீது ஊற்றி விரைந்து கிளற வேண்டும். அச்சூட்டில்தான் பச்சைத் துருவலில் உள்ள மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பசையாகி, அனைத்தையும் ஒன்றாகப் பிணைக்கும். ஆறிய கூழுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஐந்தாவதாக, நீர் தளதளவென்று கொதித்தலும் ஆகாது. கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, அசைவின்றி இருக்கும் வெந்நீரில், ஏறத்தாழ இருபது நிமிடம் உருண்டைகள் அமைதியாக வேக வேண்டும்.

இவற்றில் ஒன்றேனும் பாட்டியின் குறிப்பில் இல்லை. அவர் மறைத்து வைத்தார் என்பது பொருள் அன்று. எழுத வேண்டியவை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நடக்கத் தெரிந்தவன் எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று எழுதி வைப்பானா? கை அறிந்ததை நா சொல்வதில்லை. நா சொல்லாததைத் தாளும் சொல்வதில்லை. அதனை அறிய வேண்டுமாயின், அறிந்தவர் இருக்கும்போதே அருகில் நின்று காண வேண்டும், கேட்க வேண்டும், கையிட்டுப் பழகவும் வேண்டும். இளைஞன் அருகில் நின்றான், உண்டான், ஆனால் கேட்கவில்லை. அந்தக் குறையே அவனுக்கு விரலிற் பட்ட கீறலினும் மிகுதியாக வலித்தது.

அவன் பாட்டியின் குறிப்புத்தாளை எடுத்தான். பாட்டியின் எழுத்திற்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், தான் கற்ற ஐந்தினையும் கரிக்கோலால் எழுதினான். ஆறாவதாக, “முதலில் ஒரே ஓர் உருண்டை” என்று எழுதி அடிக்கோடிட்டான்.

மறுவாரமும் ஞாயிறு வரும். கடையில் வேறு கிழங்கு கிடைக்கும். அன்றும் உருண்டை கரையலாம். கரைந்தாலும் ஒன்றுதான் கரையும். கரையாது நின்றால், அதனை ஒரு சிறு தட்டில் வைத்து, அடுப்பங்கரையில் நிற்கும் அக்காளின் மகளிடம் நீட்டலாம். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டு, அவள் முகத்தைக் கூர்ந்து நோக்கலாம். அதன் காரணத்தையும் அப்போதே அவளுக்குச் சொல்லிவிடலாம்.