கறுப்புக் காய்கள்

முதல் நகர்த்தல் வெள்ளைக்கே என்பது சதுரங்க விதி. கறுப்புக்குச் சமநிலையே போதும் என்பர் சிலர். இவ்வடக்கப் பாடத்தை உடையார்கட்டு மாணவர்க்கு நாம் ஓதுவதில்லை. 2013 சனவரியில், நெதர்லாந்துப் போட்டியில், சென்னை விசுவநாதன் ஆனந்த் ஆர்மேனியரான அரோனியனை வென்ற ஆட்டத்தையே பலகையில் வைக்கிறோம்.

பெயர் அரை ஸ்லாவ் தற்காப்பு. ஆனாற் பதுங்கல் எங்கே? கறுப்பு மந்திரி வெட்டுக்கு நிற்கிறது. குதிரைகள் இரண்டும் வெள்ளையரசனை நெருங்குகின்றன. கோட்டை வெட்டுண்கிறது. வெட்டிய குதிரையை உடனே வீழ்த்தாது, ஆனந்த் ஒரு சிப்பாயை முன்தள்ளுகிறார்! இருபத்துமூன்றாம் நகர்த்தலோடு வெள்ளை பணிந்தது. முந்திய ஆண்டின் உலகப் பட்டப் போட்டிக்கென உழைத்துத் தேடிய வழி இது. மேதைமை என்று மட்டும் சொல்வோர் கவனிக்க.

இவ்வாறு காய் கொடுப்பதைச் சதுரங்க நூல்கள் ‘பலி’ என்னும். 2009இல் எறிகணைகள் வீழ்ந்த ஊர் இது. எம் மாணவர் ‘கொடுத்தல்’ என்றே எழுதுகின்றனர், நாம் திருத்துவதில்லை.