தானே எழுந்து நிற்கும் டனல்

தென்னந்தோப்பின் பம்ப் அறையில் ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி ஒன்று ஓடுகிறது. சிம் கார்டு போட்ட ரௌட்டர்தான் அதற்கு வெளியுலகத் தொடர்பு. வெளியிலிருந்து அதைக் கூப்பிட வழியில்லை. மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அந்த ஏற்பாட்டுக்கென்றே 2012இல் 100.64 என்று தொடங்கும் முகவரித் தொகுதி ஒன்றை ஒதுக்கினார்கள். உள்ளிருந்து வெளியே போக மட்டும் தடையில்லை. ஆகவே அந்த இயந்திரமே எஸ்எஸ்எச் வழியாக என் சர்வரைக் கூப்பிட்டு, "உன்னிடம் 2222ஆம் போர்ட்டைத் திற, அங்கே வருவதை என் 22ஆம் போர்ட்டுக்கு அனுப்பு" என்று சொல்ல வேண்டும். ரிமோட் போர்ட் ஃபார்வர்டிங் என்ற இந்த டனல் இவ்வளவுதான். ஒரே வரிக் கமாண்ட். யாரும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஆள் இல்லாத இடத்தில் அது தானாகவே நிலைத்திருக்கச் செய்வதுதான் வேலை. இதில் என்னைப் பல காலமாக ஈர்ப்பது, இணைப்பை உயிரோடு வைத்திருக்கும் கலையல்ல. அது செத்துவிட்டதை இரு முனைகளும் சீக்கிரம் உணரும்படி செய்கிற கலை.

சிக்னல் போய்விட்டால் இணைப்பு முறையாக விடைபெற்றுக்கொண்டு போவதில்லை. பேச்சு நின்றுவிடும், அவ்வளவே. இரு முனைகளும் மற்றவர் இன்னும் இருக்கிறார் என்றே நினைத்துக் காத்திருக்கும். லினக்ஸின் டிசிபி, சும்மா கிடக்கும் இணைப்பைச் சோதிக்க இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பல ரௌட்டர்கள் அதற்கு வெகு முன்பே அந்த இணைப்பை மறந்துவிடும். எஸ்எஸ்எச் தானே விசாரித்துக்கொள்ள சர்வர்-அலைவ்-இன்டர்வல் என்றொரு அமைப்பு உண்டு. இயல்பில் அதன் மதிப்பு 0, அதாவது விசாரணையே கிடையாது. நான் 30 விநாடி வைக்கிறேன். மூன்று முறை பதில் வராவிட்டால் அது தானே விலகிவிடும். ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். சர்வர் பக்கத்தை மறப்பதுதான் இந்த வேலையில் மிகப் பரவலான குறை. தோப்பிலிருக்கும் இயந்திரம் பழைய இணைப்பை உதறிவிட்டுப் புதிதாகக் கூப்பிடும்போது, சர்வர் பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டு 2222ஐ விடாமல் வைத்திருக்கும். போர்ட் கிடைக்காது. அப்போதும் எஸ்எஸ்எச் ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு இணைப்பிலேயே இருக்கும்! ப்ராசஸ் ஓடும், சர்வீஸ் பச்சையாகத் தெரியும், உள்ளே மட்டும் நுழைய முடியாது. எனவே சர்வரில் கிளையன்ட்-அலைவ்-இன்டர்வலையும் அதே அளவில் வைக்க வேண்டும். தோப்பு இயந்திரத்தில் எக்ஸிட்-ஆன்-ஃபார்வர்ட்-ஃபெயிலியர் 'யெஸ்' என்றிருக்க வேண்டும். போர்ட் கிடைக்காத இணைப்பு நமக்குத் தேவையில்லை, அது விழட்டும்.

விழுந்ததை எழுப்புவது, லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் பொறுப்பு: எப்போதும் மறுபடி தொடங்கு, நடுவே 10 விநாடி காத்திரு. இந்த இடைவெளி இல்லாவிட்டால், 10 விநாடிக்குள் ஐந்து முறை தோற்றதும் அது கைவிட்டுவிடும். எஸ்எஸ்எச்சைக் கண்காணித்து மறுபடி தொடங்கும் ஆட்டோ-எஸ்எஸ்எச்சும் நல்ல கருவிதான். ஆனால் முதல் இணைப்பு 30 விநாடிக்குள் முறிந்தால், இயல்பான அமைப்பில் அது மறுமுயற்சி செய்யாது; மோடம் எழும் முன்பே இயந்திரம் எழுந்துவிடும் இடங்களில் இது ஆபத்து. கேட்-டைம் என்ற மதிப்பை 0 ஆக்கினால் தீரும். இருந்தாலும் சிஸ்டம்டி ஏற்கெனவே இருக்கும்போது இன்னொரு காவலாளி எதற்கு என்பது என் கட்சி.

தாத்து இலோனென் 1995இல் பின்லாந்தில் எஸ்எஸ்எச்சை எழுதியதே, பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதால்தான். அந்தக் கருவியைக் கொண்டே நாம் ஒரு திறந்த கதவை உண்டாக்கக் கூடாது. ஆளில்லா இயந்திரம் சர்வருக்குள் நுழையப் பயன்படுத்தும் கீக்குப் பாஸ்ஃபிரேஸ் இருக்க முடியாது. மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு போகிறவர் கையில் அந்தக் கீயும் போகும். ஆகவே சர்வரில் அதற்கென்று ஷெல் இல்லாத தனிக் கணக்கு கொடுக்கிறேன். அந்தக் கணக்குக்கு ரிமோட் ஃபார்வர்டிங் மட்டும், அதுவும் 2222 மட்டும். 2018 முதல் ஓப்பன்-எஸ்எஸ்எச்சில் இருக்கும் பெர்மிட்-லிசன் இதற்காகவே வந்தது. கேட்வே-போர்ட்ஸைத் தொடுவதில்லை, திறந்த போர்ட் சர்வரின் உள்முகவரியிலேயே இருக்கட்டும். நான் முதலில் சர்வருக்குள் போய் அங்கிருந்து தோப்புக்குப் போகிறேன். சர்வரின் ஹோஸ்ட் கீ சரிபார்ப்பைத் தொல்லை என்று அணைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சர்வீஸ் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ, அந்தப் பயனருக்கு ஹோஸ்ட் கீயை ஒருமுறை பதிந்து வைத்தால் போதும்.

கிளம்பும் முன் சோதிக்க வேண்டும். ப்ராசஸைக் கொல்வது சோதனையாகாது. அப்போது இணைப்பு ஒழுங்காக மூடிக்கொள்ளும், சர்வரும் போர்ட்டை உடனே விட்டுவிடும். ரௌட்டரின் மின்சாரத்தைப் பிடுங்குங்கள். சில நிமிடம் கழித்துச் செருகுங்கள். பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு முறையும் யாரும் கை வைக்காமல், நெட்வொர்க் வந்த சில நிமிடங்களுக்குள் 2222 பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதலில் சர்வரில் போய், பழைய இணைப்பு அந்தப் போர்ட்டை இன்னும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.