எதிர்வீட்டு மஸ்டாங்கும் என் ரெண்டு மார்க் கேள்வியும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் ரெண்டு மாசமா கடைப்பக்கம் வர முடியலை. ஆனா இந்தக் கதையைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. கொஞ்சம் நீளமான பதிவு. மெக்கானிகல் படிச்சுட்டு பொட்டி தட்டிக்கிட்டு இருக்கற என்னை மாதிரி ஆசாமிகள் கண்டிப்பா படிக்கணும்.

நான் இருக்கறது மிச்சிகன்ல, ராயல் ஓக். எதிர்வீட்டுல எழுபத்தஞ்சு தாண்டின ஒரு அம்மா தனியா இருந்தாங்க. பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாங்க, நமக்கு நாக்கு வரலை. 'மேடம்'தான். அவங்க வீட்டுக்காரர் தவறி ரெண்டு வருஷம். அவர் விட்டுட்டுப் போனது ஒரு 1965 ஃபோர்டு மஸ்டாங்.

வெளியூர்ல இருக்கற மகன் செப்டம்பர்ல வீட்டையும் காரையும் வித்துட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போறதா முடிவு. மேடத்துக்கு ஒரே ஆசை. இங்க உட்வர்ட் அவென்யூல 1995-லேர்ந்து ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை பழைய காரெல்லாம் வரிசையா ஊர்வலம் போகும், நம்ம ஊர்த் தேர் மாதிரி. அதுல கடைசியா ஒரு தடவை அந்தக் காரில போகணும். ஆனா வண்டி திக்கித் திணறித்தான் ஓடுது. "நீ இன்ஜினியர்தானே, கொஞ்சம் பாக்கறியா?"ன்னு கேட்டாங்க. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, "கவலையே படாதீங்க, நான் பாத்துக்கறேன்"னுட்டேன். விதி.

முதல்ல பார்ட்ஸ் கடை. "65 மஸ்டாங்"னு சொன்னா போதும்னு நினைச்சேன். "வீல்ல எத்தனை போல்ட்?"னார் கவுன்ட்டர்ல இருந்த பெரியவர். நாலுன்னா ஆறு சிலிண்டர் இன்ஜினாம், அஞ்சுன்னா வி8. "ஜெனரேட்டரா, ஆல்டர்னேட்டரா?"ன்னார் அடுத்து. இந்தக் கார் அறிமுகமானது 1964 ஏப்ரல் 17. முதல் சில மாசம் வந்ததை ரசிகர்கள் 1964½-னு சொல்வாங்க, ஃபோர்டு கணக்குல எல்லாமே 65. அந்த ஆரம்ப வண்டிகள்ல ஜெனரேட்டர், அப்புறம் வந்ததுல ஆல்டர்னேட்டர். வருஷத்தை மட்டும் சொல்லி ஒண்ணும் வாங்க முடியாதுன்னு புரிஞ்சுது.

வீட்டுக்கு வந்து வண்டி நம்பரைப் படிச்சேன். 5எஃப்07சி-ன்னு ஆரம்பிச்சுது. 5-னா 1965, எஃப்-னா டியர்பார்ன் ஆலை (இங்கேர்ந்து அரைமணி நேரம்!), 07-னா ரெண்டு கதவு ஹார்ட்டாப், சி-ன்னா 289 கன அங்குல வி8, ரெண்டு பேரல் கார்புரேட்டர். பார்ட் நம்பருக்கும் இதே மாதிரி இலக்கணம் இருக்கு. சி5இஸட்இஸட்-னு ஆரம்பிச்சா, சி அறுபதுகள், 5 அந்த வருஷம், முதல் இஸட் மஸ்டாங், ரெண்டாவது இஸட் மாத்து பார்ட். ஆனா அது அந்த பார்ட் முதல்ல எந்த வண்டிக்காக வடிவமைச்சதுங்கறதைத்தான் சொல்லும். மஸ்டாங்கே ஃபால்கன் காரோட அடித்தளத்துல எழும்பினதால, அதுக்குள்ள ஃபால்கன் நம்பர் போட்ட சாமான் நியாயமாவே இருக்கும். அடடா, இது நம்ம வெர்ஷன் நம்பர் மாதிரி இல்ல இருக்குன்னு ஒரே குஷி எனக்கு.

குஷியில கார்புரேட்டர் கிட் ஆர்டர் பண்ணினேன். வந்துது. பானட்டைத் திறந்து ஏர் கிளீனரைக் கழட்டினா, உள்ள இருக்கறது நாலு பேரல் ஹோலி! வண்டி நம்பர் ரெண்டுங்குது, கண்ணு நாலுங்குது. ஹோலி மேல 'லிஸ்ட்'னு ஒரு நம்பர் பொறிச்சிருக்கும், அதை வச்சு சரியான கிட்டை வாங்கினேன். 'அப்ப இந்த இன்ஜின்ல அவர் வேற என்னெல்லாம் மாத்தியிருப்பார்?'னு அந்த நிமிஷமே யோசிச்சிருக்கணும். யோசிக்கலை.

கார்புரேட்டர் சரியாகியும் திணறல் போகலை. ராத்திரி இருட்டுல இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். பிளக் வயர்கள்ல அங்கங்கே நீலப் பொறி. இன்சுலேஷன் வெடிச்சு கரன்ட் கசியுது. கண்டுபுடிச்சுட்டேன்ல! மறுநாள் புது வயர் செட்டோட வந்து எட்டு வயரையும் மொத்தமா உருவிப் போட்டேன். ஒவ்வொண்ணா மாத்தியிருக்கணும். இல்லைன்னா ஒரு போட்டோவாவது எடுத்திருக்கணும். பேக்கப் இல்லாம புரொடக்‌ஷன்ல கை வைக்காதேன்னு ஜூனியர் பசங்களுக்குப் பாடம் எடுக்கறவன் பண்ணின வேலை இது.

பரவாயில்லை, ரிப்பேர் புத்தகம் இருக்கே. 289-க்கு ஃபயரிங் ஆர்டர் 1-5-4-2-6-3-7-8. காபி கொண்டு வந்த மேடம், "அந்தப் புத்தகத்தை அவர் பாக்கவே மாட்டார்"னாங்க. கிழவருக்குப் பிடிவாதம் போலன்னு சிரிச்சுக்கிட்டே வயரைச் சொருகினேன்.

சாவியைத் திருப்பினா கார்புரேட்டர் வழியா டமால்! தெருவே எட்டிப் பார்த்துச்சு. முன்னாடி திணறியாவது ஓடின வண்டி, என் கை பட்டதும் ஓடவே மாட்டேன்னுடுச்சு. அடுத்த ரெண்டு வாரம் பாயின்ட்ஸ், காயில், டைமிங், பெட்ரோல்னு எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். ஊர்வலத்துக்கு ஒன்பது நாள். மேடம் ஒரு வார்த்தை குறை சொல்லலை. "முடியலைன்னா பரவாயில்லைப்பா"ன்னாங்க. அதுக்கு ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

கடைசியா எட்டு பிளக்கையும் கழட்டி வரிசையா வச்சேன். 1, 2, 6, 8 உலர்ந்திருக்கு. 3, 4, 5, 7 பெட்ரோல்ல ஊறிக் கிடக்கு. சரியா பாதி! தற்செயலா இருக்க முடியாது. சரி, புத்தகத்தை விட்டுட்டு இன்ஜினையே கேட்போம்னு முடிவு பண்ணினேன். ஒருத்தர் கிராங்க்கைக் கையால சுத்தணும், ஒருத்தர் பிளக் ஓட்டைல விரல் வைக்கணும். எந்த சிலிண்டர்ல காத்து விரலைத் தள்ளுதோ அதுக்குத்தான் அடுத்த பொறி.

"ஒரு ஆள் வேணும் மேடம், பக்கத்து வீட்டுல யாராவது..."ன்னு இழுத்தேன்.

அவங்க காபியைக் கீழே வச்சாங்க. சாக்கெட் பெட்டியைத் திறந்து சரியான சைஸை ஒரே தடவைல எடுத்தாங்க. கிராங்க் போல்ட்டுல மாட்டி, எந்தப் பக்கம்னு கேக்காமலே திருப்பினாங்க. ஒண்ணாம் சிலிண்டர்ல காத்து தள்ளுச்சு. மேல கொண்டு வந்து நிறுத்தி, இன்னொரு கால் சுத்து. அஞ்சுல விரல் வச்சேன். ஒண்ணுமில்லை.

"அஞ்சுல வராது. மூணுல வை"ன்னாங்க.

ரெண்டு முழு சுத்து சுத்தி மறுபடி அதே இடத்துக்கு வந்தோம். மூணுல வச்சேன். புஸ்ஸுன்னு விரலைத் தள்ளுச்சு.

அப்படியே நின்னுட்டேன். விஷயம் இதுதான். 289-உம், 1969-ல வந்த 351 விண்ட்சரும் ஒரே குடும்பம். 351-ஓட ஃபயரிங் ஆர்டர் 1-3-7-2-6-5-4-8. 1982-ல வந்த மஸ்டாங் 5.0 ஹெச்.ஓ.வுக்கும் இதேதான். அந்த ஆர்டர்ல செஞ்ச கேம்ஷாஃப்ட் 289-லயும் உட்காரும். கேம் மாறினா 3-உம் 5-உம் இடம் மாறும், 4-உம் 7-உம் இடம் மாறும். என் நாலு ஈர பிளக் எதுன்னு பாருங்க.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"னேன்.

"மகன் கல்யாணமான வருஷம் கேம் மாத்தினார். அவர் விரல் வச்சார், நான் சுத்தினேன். முப்பது வருஷம் டார்ச் பிடிச்சிருக்கேனே."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே. பாத்துக்கறேன்னியே."

வாழ்க்கைல எவ்வளவோ பல்பு வாங்கியிருக்கேன், இது சீரியல் செட்டு. 'ஃபயரிங் ஆர்டர் என்றால் என்ன?'ன்னு ரெண்டு மார்க் கேள்விக்கு 1-3-4-2-ன்னு எழுதி முழு மார்க் வாங்கினவன் நான். புத்தகம், பார்ட் நம்பர், வண்டி நம்பர் எல்லாத்தையும் கேட்டேன். அது எல்லாம் அந்தக் கார் பொறந்தப்ப எப்படி இருந்துதுன்னுதான் சொல்லும். அதுக்கப்புறம் நடந்தது தெரிஞ்சவங்க தினமும் காபியோட பக்கத்துல நின்னாங்க. வயசான அம்மா, இவங்களுக்கு என்ன தெரியும்னு நானே முடிவு பண்ணிட்டேன். வாய்விட்டுச் சொல்லலை, ஆனா அதுதான் நிஜம். எழுதவே கூசுது.

நாலு வயரை மாத்திச் சொருகினோம். அரைச் சுத்துல பிடிச்சுக்கிச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் மேடம் ஃபெண்டர் மேல கையை வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

உட்வர்ட்ல அவங்கதான் ஓட்டினாங்க. நான் பக்கத்து சீட்டுல.

செப்டம்பர்ல வண்டி கைமாறிடுச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு சனிக்கிழமை அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: கேம், கார்புரேட்டர் லிஸ்ட் நம்பர், எந்த வருஷம் என்ன மாத்தினாங்க எல்லாம். நாலு பக்கம் வந்துது, சாவியோட கொடுத்தோம். ஏர் கிளீனர் மூடிக்கு உள்பக்கம் அந்த எட்டு நம்பரையும் பெயின்ட் பேனாவால எழுதினது மேடம்.

டிஸ்கி: அந்த ரெண்டு பேரல் கிட் இன்னும் பிரிக்காம என்கிட்டதான் இருக்கு. யார்கிட்டயாவது மாத்தம் பண்ணாத சி-கோட் 65 இருந்தா சொல்லுங்க, சும்மாவே தரேன். ஆனா முதல்ல பானட்டைத் திறந்து பாருங்க. அதுக்கும் முன்னாடி, வீட்டுல டார்ச் பிடிச்சவங்களைக் கேளுங்க.