பாரதி பெயரில் ஒரு நகரும் ஒரு கப்பல்துறையும்

சென்னையின் வடபுறத்தே, வியாசர்பாடியை அடுத்து அமைந்துள்ளது எம்.கே.பி. நகர். மகாகவி பாரதி நகர் என்பதே அதன் முழுப்பெயர். அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் சென்னைத் துறைமுகத்தை அடைகிறோம். அதனுள்ளும் ஒரு பகுதிக்குப் பாரதி கப்பல்துறை என்று பெயர். ஒரே கவிஞரின் பெயர் தாங்கிய இவ்விரு இடங்களையும், அவற்றைச் சூழ்ந்த கடற்கரையையும் சுற்றி வருவோமாயின், வளரும் நாடொன்று அந்நியச் செலாவணி ஈட்டும் வகையையும், அதற்கு எளியோர் கொடுக்கும் விலையையும் ஒருங்கே காணலாம்.

முதலில் இராயபுரம். இராயப்பராகிய புனித பேதுருவின் பெயரால் அமைந்த ஊர் இது என்பர். துறைமுகம் இல்லாத அந்நாளில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில், பேரலைகளைக் கடந்து சரக்குகளைக் கரைசேர்த்தோர் இவ்வூர்ப் படகோட்டிகளே. தம் கூலியிலிருந்து மகமை ஒதுக்கி அவர்கள் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. கடல் வாணிகத்தின் ஊதியத்தில் ஒரு பங்கு கரையிலேயே தங்கியதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? அருகிலேயே, 1856-இல் திறக்கப்பட்ட தென்னாட்டின் முதல் இரயில் நிலையத்தையும் காண்கிறோம்.

காலம் மாறிற்று. 1970-களில் பாரதி கப்பல்துறையில் இரும்புத் தாது ஏற்றுவதற்கென இயந்திர வசதிகள் அமைந்தன. கர்நாடகத்தின் பெல்லாரி, ஓசுப்பேட்டைப் பகுதிகளில் தோண்டிய தாது இரயிலில் வந்து, இங்கே கப்பலேறி ஜப்பான் முதலிய நாடுகளுக்குச் சென்றது. நாட்டுக்குச் செலாவணி கிடைத்தது. கரையோரத்து வீடுகளுக்கோ தாதுவின் செந்தூளும் நிலக்கரியின் கருந்தூளுமே கிடைத்தன. உலர்த்திய துணியிலும், மூடி வைத்த சோற்றிலும், குழந்தைகளின் மூச்சிலும் அத்தூள் புகுந்தது. இறுதியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2011-இல் இவ்விரு சரக்குகளும் சென்னைத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டன.

வடக்கே செல்லும் சாலையில் சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த லாரிகள் நீண்ட வரிசையில் காத்து நிற்கின்றன. அவற்றைக் கடந்து திருவொற்றியூரை அடைகிறோம். 1950-களில், ஆங்கிலேயரிடம் தொழில் கற்று, இங்கே என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. 1977-இல் அவ்வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின! மண்ணை அள்ளி விற்பதற்கும், தொழிலாளியின் கைத்திறனை விற்பதற்கும் உள்ள வேற்றுமை இங்கே தெளிவாகின்றது. விற்ற மண் திரும்புவதில்லை. கற்ற தொழிலோ மகனுக்கும் சோறிடும்.

இன்னும் வடக்கே எண்ணூர். 2001-இல் தொடங்கப்பெற்று, 2014-இல் காமராசர் பெயர் பெற்ற துறைமுகம் இங்குள்ளது. இங்கிருந்து மோட்டார் கார்களும் ஏற்றுமதியாகின்றன. ஆயினும், சென்னையில் நிறுத்தப்பட்ட நிலக்கரி இங்குதான் வந்து சேர்ந்தது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தைத் தூர்க்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் கலந்து, மீனவரின் வலைகளையும் படகுகளையும் பாழாக்கிற்று. ஓர் ஊரின் துன்பத்தை அடுத்த ஊருக்கு மாற்றுவது துன்பம் தீர்ப்பதாகுமா?

செலாவணிக்கு மற்றொரு வழி சுற்றுலா. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பலொன்று பயணம் தொடங்கியது. இத்துறைமுகத்தில் வந்திறங்கும் பிறநாட்டுப் பயணிகளும் பெரும்பாலும் தெற்கே மாமல்லபுரத்துக்கே அழைத்துச் செல்லப்படுகின்றனர். கூப்பிடு தூரத்திலுள்ள இராயபுரம் ஆலயத்தையும், பழைய இரயில் நிலையத்தையும், திருவொற்றியூரின் தொன்மையான தியாகராசர் கோயிலையும் நாடி வருவோர் வெகு சிலரே. அவர்கள் வடக்கே திரும்பினால் தேநீர்க் கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் பயன்பெறுவர்.

ஆனால், விருந்தினர் வருவதற்குத் தூய காற்றும் நல்ல சாலையும் வேண்டும். அவை இங்கு வாழ்வோருக்கு முதலில் வேண்டியவை அல்லவா? தம் கூலியில் ஆலயம் எழுப்பிய படகோட்டிகளின் வழிவந்தோர் வாழும் கரை இது. கப்பலில் எத்தனை டன் ஏறியது என்று கணக்கெழுதும் நாம், கரையில் என்ன தங்கியது என்றும் ஒரு வரி எழுதுவோமாக.